பண்டிதரின் தாடிச் சார்பு

முன்னொரு காலத்தில், காது இரண்டும் பழுதில்லாமல் இருந்தும் அடுத்தவர் பேச்சைக் கேட்கச் சோம்பல்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று சொல்வதற்கில்லை. சொல்லாவிட்டாலும் ஆளுக்கொரு ஊரை நினைத்துக்கொள்வீர்கள், அதுவும் தப்பாகாது.

அவருடைய சபையில் நக்கன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. யாராவது கால் தடுக்கி விழுந்தால் ராஜா சிரிப்பார். யாராவது தும்மினாலும் சிரிப்பார். இவ்வளவு மட்டமான சிரிப்புக்கு நம் புத்தியைச் செலவழிக்கிறோமே என்று நக்கனுக்குச் சில நாள் அலுப்புத் தட்டும். சாப்பாட்டு வேளை வந்ததும் அந்த அலுப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

அது ஐப்பசி மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜா சிங்காசனத்தில் சாய்ந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்:

"எத்தனை பேர்தான் இந்தச் சபையில் பேசுவீர்கள்! ஒருவன் பேச்சு கேட்கத் தகுந்ததா இல்லையா என்பதை, அவன் பேச்சைக் கேட்காமலே அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். வித்துவான்களே, கண்டுபிடித்துக் கொடுங்கள்!"

ராஜா முதன்முதலாக ஒரு நல்ல வேடிக்கை சொல்லியிருக்கிறார் என்று நினைத்து நக்கன் சத்தமாகச் சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா மெய்யாகவே கேட்கிறார் என்பது அப்புறம்தான் அவனுக்கு விளங்கியது.

வீரநாரணப் பண்டிதர் எழுந்து நின்றார். அவருக்குக் கணித சிகாமணி என்று பட்டம். கணிதம் தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த கணிதத்தையெல்லாம் தம் ஆசனம் எப்படி முன்னால் நகரும் என்று பார்ப்பதற்கே செலவழித்தார். பிறந்தது முதல் தாம் சிரித்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. மார்பு வரை தொங்கிய தாடிக்குத் தினமும் புனுகு தடவுவார். நக்கனை அவருக்குக் கண்டாலே ஆகாது. தாம் ஒரு நாழிகை பேசியும் தூங்கிக்கொண்டிருக்கும் ராஜா, அவன் ஒரு வார்த்தை சொன்னால் விழித்துக்கொள்கிறாரே என்ற எரிச்சல்.

"அரசே, ஒரு விதி செய்திருக்கிறேன்" என்றார் பண்டிதர். "அறிவின் அடையாளம் தாடி. ஆகவே ஒருவருடைய தாடியை விரற்கடைக் கணக்கில் அளக்க வேண்டும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழிக்க வேண்டும். என்ன மிஞ்சுகிறதோ அதுவே அவருடைய மதிப்பு. விடை தாடியைச் சார்ந்து வருவதால் இதற்குச் சார்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்."

"யாருக்குச் சார்பு பண்டிதரே?" என்று கேட்டான் நக்கன்.

பண்டிதர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "இந்தச் சார்புக்குத் தாட்சண்யம் கிடையாது. உள்ளே போவது நீளம், வெளியே வருவது மதிப்பு. நீளத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அது கேட்காது. ஒரே தாடிக்கு ஒரே விடைதான். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வந்தால் அதற்குச் சார்பு என்ற பெயரே பொருந்தாது."

ராஜாவுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. புரியாததாலேயே அது உயர்ந்த விஷயம் என்று தோன்றியது. அங்கேயே ஆணை பிறந்தது. மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே போனவர் சபையில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். எல்லாரிலும் அதிக மதிப்புள்ளவர் எவரோ, அவர் சொன்னது அன்றே நடக்க வேண்டும். இந்தக் கடைசி வரியையும் பண்டிதர்தான் சேர்த்தார்.

அளவுகாரன் முடிச்சுப் போட்ட கயிற்றோடு வந்தான். கணக்கன் மணல் பலகையை மடியில் வைத்துக்கொண்டான். பண்டிதரின் தாடி பன்னிரண்டு விரற்கடை. இரண்டால் பெருக்கினால் இருபத்து நான்கு, பத்துப் போகப் பதினான்கு. சபையிலேயே அதிகம். இப்படி வரும் என்று அவருக்கு முன்பே தெரியாது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். சேனாதிபதிக்கு ஐந்து விரற்கடைதான் இருந்தது. இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழித்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "பூச்சியம்" என்றான் கணக்கன். எத்தனையோ கோட்டைகளைப் பிடித்த மனிதர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நக்கனின் முகவாயோ உரித்த பனங்கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. நீளம் பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். அதிலும் பத்தைக் கழித்தால்?

"குறை பத்து!" என்று கணக்கன் உரக்கச் சொன்னான்.

பண்டிதரின் உதடு ஒரு ஓரமாக லேசாக இழுத்துக்கொண்டது. சிரிக்காத மனிதருக்குச் சந்தோஷம் வந்தால் முகம் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. நக்கன் வாயை மூடிக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

மறுநாள் காலை நெட்டேரி என்ற ஊரிலிருந்து பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. முன்னால் வந்தவள் பெயர் வெள்ளையம்மை. சபைக்குள் வந்து கும்பிட்டு, "மவராசா" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அளவுகாரன் கயிற்றை நீட்டிக்கொண்டு அவள் முகவாய்க்கு எதிரே போனான். அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள்.

"நீளம் பூச்சியம். மதிப்பு குறை பத்து" என்றான் கணக்கன்.

"வாய் திறக்கக் கூடாது" என்றான் காவலன்.

"பொம்பளைக்குத் தாடியா?" என்று கேட்டாள் வெள்ளையம்மை. அதற்கே அவளை வெளியே தள்ளினார்கள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ராஜா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "பேசாமலே முடிந்துவிட்டது பார்!" என்று சந்தோஷப்பட்டார்.

நக்கன் மெதுவாக நழுவி வாசலுக்குப் போனான். அங்கே பேசுவதற்குத் தடை இல்லை.

"என்னம்மா விஷயம்?"

"ஏரிக்கரை கசியுது சாமி" என்றாள் வெள்ளையம்மை. "ஆம்பளைங்க எல்லாரும் கரையிலே மண்ணு கொட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கொட்டக் கொட்டக் கரையுது. கலிங்கைத் திறந்தா மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓடிரும், கரை தப்பிச்சுக்கும். ஆனா கலிங்கு வாயிலே பலகை அடிச்சுக் காவல் போட்டிருக்காங்க. அரமனை உத்தரவு இல்லாம தொட்டா கைய வெட்டுவோம்ங்கிறாங்க."

"யார் பலகை அடித்தது?"

"கலிங்குத் தண்ணி போற ஓடையிலேதானே பெரிய தாடிக்காரரு வாழைத்தோப்பு வச்சிருக்காரு. தண்ணி விட்டா தோப்பு போயிருமே."

நக்கனுக்கு விளங்கிவிட்டது. பண்டிதர் அறிவை அளக்க விதி செய்யவில்லை. நெட்டேரியின் வாயை அடைக்கச் செய்திருக்கிறார். ஒரு வாழைத்தோப்புக்காக ஒரு ஊர்!

"நீங்க உள்ளேயே இருக்கிறவர்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள் வெள்ளையம்மை.

"எனக்கும் குறை பத்துதான் அம்மா" என்றான் நக்கன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் அவன் மடைப்பள்ளிப் பக்கமாக நடந்தான். அங்கே விருந்துக்கென்று கட்டியிருந்த வெள்ளாட்டுக் கிடா ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முகவாயைப் பார்த்தான். நின்றான். கயிற்றை அவிழ்த்தான்.

வெள்ளையம்மையிடம் திரும்பி வந்து, "இங்கேயே இருங்கள். கூப்பிட்டால் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தான்.

ஆடு ஒரு முறை கத்தியது. பண்டிதர் பேச்சை நிறுத்தினார். ராஜா விழித்துக்கொண்டார். நக்கன் வாயைத் திறக்கவில்லை. அளவுகாரனைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், ஆட்டின் தாடியை விரலால் காட்டினான். சபைக்குள் புதிதாக வருகிற எவரையும் அளக்க வேண்டும் என்பது அளவுகாரனுக்கு உத்தரவு. அவன் உத்தரவைத் தவிர வேறெதையும் யோசிக்கிறவன் இல்லை. குனிந்து அளந்தான்.

"பதின்மூன்று விரற்கடை!"

கணக்கன் மணலில் விரலை ஓட்டினான். "இரண்டால் பெருக்க இருபத்தாறு. பத்துப் போக..." அவன் குரல் இறங்கியது. "பதினாறு."

பதினான்கை விடப் பதினாறு பெரிது என்பது சேனாதிபதிக்குக் கூடத் தெரியும். நக்கன் ஆட்டை நடத்திக்கொண்டு போய்ப் பண்டிதரின் ஆசனத்துக்கு முன்னால் நிறுத்தினான். அது பண்டிதரின் மேலாடை நுனியை வாயில் கவ்வியது. அப்புறம்தான் நக்கன் வாய் திறந்தான்.

"மகாராஜா, இந்த ஆட்டின் சார்பில் பேசுகிறேன்."

"நாடு கடத்துங்கள் இவனை!" என்று கத்தினார் பண்டிதர். "குறை பத்து பேசுகிறது!"

"பேசுவது நான் இல்லை, பதினாறு. சபையிலேயே அதிக மதிப்பு. அதன் பாஷை உங்களுக்கு விளங்காதே என்று என் வாயை இரவல் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். விளங்கும் என்றால் சொல்லுங்கள், நீங்கள் இரண்டு பேரும் நேரிலேயே பேசிக்கொள்ளலாம்."

ராஜாவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "பேசட்டும், பேசட்டும்" என்றார்.

"அரசே, சார்பு மனிதருக்காகச் செய்தது. ஆட்டுக்கு அல்ல!" என்றார் பண்டிதர்.

"அப்படி நேற்றுச் சொல்லவில்லையே! நீளத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அது கேட்காது என்றல்லவா சொன்னீர்கள்? பதின்மூன்றைப் போட்டோம், பதினாறு வந்தது. ஆட்டின் மேல் என்ன குற்றம்? எதை உள்ளே போடலாம், எதைப் போடக் கூடாது என்று வேலி கட்டாமல் விட்டது யார்?"

பண்டிதர் பல்லைக் கடித்தார். "சரி, வேலி கட்டுகிறேன். இந்தச் சார்புக்குள் போகத் தக்கவர் மனிதர் மட்டுமே. ஆனால் எந்த மனிதரும் விலக்கல்ல. இப்போது ஆட்டை ஓட்டு!"

"ஓட்டுகிறேன். போகும் முன் ஆடு ஒன்று கேட்கச் சொல்கிறது. இந்தச் சபையில் உள்ள எல்லா மனிதரையும் அளந்தாகிவிட்டதா?"

"ஆகிவிட்டது."

"ஒருவர் பாக்கி என்கிறது ஆடு."

நக்கன் யாரையும் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவுமில்லை. சபை முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. ராஜாவின் கை தானாகவே முகவாய்க்குப் போயிற்று. தினமும் காலையில் நாவிதன் பளபளவென்று மழித்துவிடும் முகவாய். மீசை மட்டும்தான் முறுக்கிக்கொண்டு நின்றது. மீசைக்கு விதியில் இடமில்லை.

இந்த இடத்தில் ராஜாவுக்குச் சிரிப்பு வராமல் கோபம் வந்தால் தன் தலை ஏரிக்கு முன்னாலேயே உடையும் என்று நக்கனுக்குத் தெரியும்.

"பண்டிதரே" என்றார் ராஜா. குரலில் தூக்கம் இல்லை. "எனக்கு என்ன வரும்?"

"அரசே, தாங்கள்... தங்களுக்கு இது பொருந்தாது."

"எந்த மனிதரும் விலக்கல்ல என்றாரே" என்றான் நக்கன் தரையைப் பார்த்தபடி. "பொருந்தாது என்றால் மகாராஜாவை ஆட்டுப் பக்கம் நிறுத்துகிறார் என்று ஆகிவிடும்."

"எனக்கு என்ன வரும் என்று கேட்டேன்."

பண்டிதர் தாடியைப் பிடித்துக்கொண்டு முனகினார்: "குறை பத்து."

வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பழகிப்போன காவலன் அதைச் சொல்ல மூச்சை இழுத்தான். நல்ல வேளை, யாரைப் பார்த்துச் சொல்லப்போகிறோம் என்பது பாதியில் ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டான்.

"அரசருக்கு மட்டும் ஆயிரம்!" என்று அவசரமாகக் கூவினார் பண்டிதர்.

"ஒரே நீளத்துக்கு எனக்குக் குறை பத்து, அரசருக்கு ஆயிரமா? ஒரே தாடிக்கு இரண்டு விடை வந்தால் சார்பு என்ற பெயரே பொருந்தாது என்று சொன்னவர் யார்? நான் இல்லை. எனக்கு அவ்வளவு கணக்கு வராது."

பண்டிதர் கெட்ட மனிதர்தான். ஆனால் கணக்கில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வராது. ஊரே முழுகினாலும் பொறுத்துக்கொள்வார், தம் சார்பு சார்பில்லை என்று ஆகிவிட்டால் பொறுக்க மாட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். முகம் தெளிந்தது.

"அரசே, ஒரு படியை விட்டுவிட்டேன். வந்த விடையை அதனாலேயே பெருக்க வேண்டும். குறையைக் குறையால் பெருக்கினால் நிறை. தங்கள் குறை பத்தைக் குறை பத்தால் பெருக்க, நிறை நூறு!"

"நூறா!" ராஜாவின் முகம் மலர்ந்தது. "அதுதானே பார்த்தேன்."

"எனக்குப் பதினான்கைப் பதினான்கால் பெருக்க நூற்றுத் தொண்ணூற்றாறு" என்று பண்டிதர் அடக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

சேனாதிபதி ஆசையோடு கணக்கனைப் பார்த்தார். "பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான்" என்றான் கணக்கன்.

நக்கன் ஆட்டைக் காவலன் கையில் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். "இனி எனக்கு ஆடு வேண்டாம் மகாராஜா. தங்களுக்கு என்ன நீளமோ அதே நீளம்தான் எனக்கும். தங்களுக்கு நூறு என்றால் எனக்கும் நூறு. வாசலில் சேற்றுக்காலோடு நிற்கும் பெண்களுக்கும் ஆளுக்கு நூறு. பண்டிதரின் விதிக்குத் தாங்களும் அவர்களும் ஒன்றுதான். அவர்கள் பேசக் கூடாதென்றால் தாங்களும் பேசக் கூடாது. தாங்கள் பேசலாமென்றால் அவர்களும் பேசலாம். கூப்பிடட்டுமா?"

அரசருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் நூற்றை விட வேண்டும். "கூப்பிடு" என்றார்.

பெண்கள் உள்ளே வந்தார்கள். வெள்ளையம்மை கும்பிட்டுவிட்டு வாயெடுப்பதற்குள் பண்டிதர் கையை உயர்த்தினார். வாழைத்தோப்பு அவர் கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"அரசே, இன்னும் ஒரே ஒரு படி. அறிவாளி சிரிப்பதில்லை. கிராமத்து ஜனங்களும் விதூஷகர்களும் காரணமில்லாமல் நாள் முழுக்கப் பல்லைக் காட்டுகிறவர்கள். ஆகவே வந்த விடையை, நேற்று எத்தனை தடவை சிரித்தாரோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். அதிகம் சிரித்தவருக்கு மதிப்பு சுருங்கும்."

நக்கன் பண்டிதரைக் கூர்ந்து பார்த்தான். இவ்வளவு படித்தவர், தம் காலுக்குக் கீழே இருப்பதைப் பார்க்கவில்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தோப்பைப் பற்றிய பயத்தில் கணக்கு மறந்துவிட்டது போலும்.

"இதுதான் கடைசிப் படியா பண்டிதரே? நாளைக்கு ஒன்று சேர்க்க மாட்டீர்களே?"

"மாட்டேன். இதுவே முடிந்த முடிவு."

"முத்திரை போடுங்கள்" என்றார் ராஜா. முத்திரை விழுந்தது.

"முதலில் மகாராஜாவிலிருந்து தொடங்கலாம்" என்றான் நக்கன். ராஜா விரல் விட்டு எண்ணினார். சமையல்காரன் வழுக்கி விழுந்தது, பூனை தயிர்ப்பானைக்குள் தலையை விட்டது, சேனாதிபதிக்குப் பூச்சியம் வந்தது... பத்துத் தடவை. நூற்றைப் பத்தால் வகுக்கப் பத்து. நக்கன் தான் இருபது தடவை சிரித்ததாகச் சொன்னான். நூற்றை இருபதால் வகுக்க ஐந்து. ராஜாவோடு கூடச் சிரித்தே பழகிய மற்றவர்களில் எவரும் இருபதைத் தாண்டவில்லை.

"இப்போது பண்டிதர். நேற்று எத்தனை தடவை சிரித்தீர்கள்?"

பண்டிதர் நெஞ்சை நிமிர்த்தினார். "நேற்றா? பிறந்தது முதல் ஒரு தடவை கூட இல்லை!"

"கணக்கரே, நூற்றுத் தொண்ணூற்றாறைப் பூச்சியத்தால் வகுத்து விடையைச் சொல்லும்."

கணக்கன் விரலை மணலில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். "வரவில்லையே" என்று முனகினான்.

"ஏன் வரவில்லை? பண்டிதரே, தாங்களே உதவி செய்யுங்கள். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு வருமோ அதுதானே விடை? அந்த எண் எது?"

பண்டிதரின் முகம் வெளுத்தது. இந்தக் கேள்விக்கு விடை என்ன என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் அந்த நாட்டிலேயே கிடையாது.

"அப்படி ஒரு எண் இல்லை" என்றார் மெதுவாக.

"அப்படியானால் தங்கள் மதிப்பு?"

"மதிப்பு... இல்லை."

"காதில் விழவில்லை."

"எனக்கு மதிப்பு இல்லை!" என்று அலறினார் பண்டிதர்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். மீசை துடித்தது, கிரீடம் சரிந்தது, வெற்றிலை எச்சில் பட்டுப்பீதாம்பரத்தில் தெறித்தது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் சபையும் சிரித்தது. நேற்றுப் பண்டிதரின் தாடியைப் புகழ்ந்தவர்கள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்கள். காவலனுக்கு மட்டும் சந்தேகம். "இவர் பூச்சியத்துக்கு மேலேயா கீழேயா? பேச விடலாமா கூடாதா?" என்று நக்கனைக் கேட்டான்.

"மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எங்கேயுமே இல்லை. எங்கேயும் இல்லாதவர் பேசினால் யார் காதில் விழப்போகிறது?"

நக்கன் வெள்ளையம்மையின் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்கள் நேற்றுச் சிரித்தீர்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நக்கனிடம் பதில் கிடையாது. ஏரிக்கரையில் மண் சுமந்தவள் சிரிக்கவே இல்லை என்று சொன்னால் அவளும் பண்டிதரோடு போய்ச் சேர்வாள்.

"ஒரே ஒரு தரம் சிரிச்சேன் சாமி" என்றாள் வெள்ளையம்மை. "அரமனைக்குப் போய்ச் சொன்னா காது குடுத்துக் கேப்பாங்கன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. அதுக்குச் சிரிச்சேன்."

கணக்கன் குனிந்த தலை நிமிராமல், "நூற்றை ஒன்றால் வகுக்க நூறு" என்றான். அப்புறம் இன்னும் மெதுவாக, "சபையில் அதுதான் அதிகம்" என்றான்.

"அதிக மதிப்புள்ளவர் சொன்னது அன்றே நடக்க வேண்டும்" என்று நக்கன் ஆணையை ஒப்பித்தான். "பண்டிதரின் வரி. மகாராஜாவின் முத்திரை. சொல்லுங்கள் அம்மா."

"கலிங்கைத் திறந்து விடச் சொல்லுங்க மவராசா. இப்பவே."

"என் வாழை!" என்றார் பண்டிதர். அது யார் காதிலும் விழவில்லை.

ராஜாவின் சிரிப்பு நின்றிருந்தது. தன்னைவிடப் பத்து மடங்கு மதிப்புள்ளவளாக ஒரு சேற்றுக்காலி எதிரே நிற்கிறாள் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. நக்கன் அதைப் பார்த்தான். கோபம் முகத்துக்கு ஏறி வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

"மகாராஜா, தாங்கள் நேற்று அவ்வளவு சிரித்ததால்தான் பத்து. தாங்கள் சிரிப்பதை நிறுத்தினால் எனக்கு உத்தியோகம் போய்விடும். ஆகவே தங்கள் மதிப்பைக் குறைத்த பாவி நான்தான்."

ராஜா ஒரு கணம் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கியது. "படுபாவி! திறக்கச் சொல்லுங்கள் அந்தக் கலிங்கை!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.

சேனாதிபதியே குதிரையேறினார். பூச்சியமான பிறகு அவருக்கு ஏதாவது ஒரு வேலை செய்து காட்ட வேண்டும் போலிருந்தது. உச்சிப் பொழுது சாய்வதற்குள் கலிங்குப் பலகைகள் பெயர்ந்தன. ஏரித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு ஓடைக்குள் பாய்ந்தது. வாழைகள் குலையோடு சாய்ந்து மிதந்தன. நெட்டேரிக் கரை நின்றது. மண் கொட்டிக் கொட்டிக் கை மரத்துப்போன ஆண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் ராஜா தாடி விதியைக் கிழித்துப் போடச் சொன்னார். அது அநியாயம் என்பதற்காக அல்ல. ஒருவரைப் பேச விடுவதற்குள் இத்தனை பெருக்கலும் வகுத்தலும் கேட்க வேண்டியிருக்கிறதே, அதைவிட அவர்கள் பேச்சையே கேட்டுத் தொலைக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பண்டிதரை முன் ஆசனத்திலிருந்து இறக்கிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நக்கன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டுமோ கேள்" என்றார்.

நக்கன் கை கட்டி நின்றான். "கலிங்கைத் திறக்கிற உரிமையை நெட்டேரிக்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள் மகாராஜா. இனிமேல் தண்ணீருக்காக அவர்கள் தங்கள் முகத்தில் விழிக்க வேண்டிய கஷ்டம் இருக்கக் கூடாது."

"ஆகா, என் கஷ்டத்தை நீயாவது புரிந்துகொண்டாயே!" என்று ராஜா மனம் நெகிழ்ந்துபோய் அங்கேயே ஓலையில் முத்திரை வைத்துக் கொடுத்தார். யாருடைய கஷ்டத்தைச் சொன்னான் என்று நக்கன் விளக்கப் போகவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சிரித்தார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வெள்ளையம்மை ஓலையை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்கு நடந்தாள்.